22 கோடி பேரா, 22 கோடி விண்ணப்பங்களா? இளைஞர்களுக்கு நிலையான வேலை குறித்து ஒரு விவாதம்

வைகைக்கரையான்:
வேலை கிடைக்காமலில்லை, அரசு நாற்காலி மோகம்தான் இந்திய இளைஞர்களைப் பிடித்திருக்கும் நோய் என்று "சிறுதொழிலன்" நேற்று இங்கே எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2014-15 முதல் 2021-22 வரையிலான எட்டு ஆண்டுகளில் மத்திய அரசுப் பணிக்கு 22.05 கோடி பேர் விண்ணப்பித்தார்கள், 7.22 லட்சம் பேர் மட்டுமே நியமனத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். 2022 ஜூலையில் மக்களவையில் இதை எழுத்துப்பூர்வமாகச் சொன்னது எதிர்க்கட்சியன்று, அரசே. 2021 மார்ச் 1 அன்று மத்திய அரசில் அனுமதிக்கப்பட்ட 40.35 லட்சம் பணியிடங்களில் 9.79 லட்சம் காலியாகக் கிடந்தன. காலியிடங்களை ஆண்டுதோறும் குறித்த காலத்தில் நிரப்ப வேண்டும், நிரந்தரத் தன்மையுள்ள வேலைக்கு ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பதை நிறுத்த வேண்டும், 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் போல நகரத்துக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்பது எப்படி மோகமாகும்?

கணக்குப்பிள்ளை:
கோரிக்கைக்குப் போவதற்கு முன்னால் கணக்கைச் சரிசெய்வோம். 22.05 கோடி என்பது பெறப்பட்ட விண்ணப்பங்களின் எண்ணிக்கை, விண்ணப்பித்த ஆட்களின் எண்ணிக்கையன்று. 15 முதல் 29 வயதுக்குட்பட்டவர்கள் இந்நாட்டில் ஏறத்தாழ 37 கோடி பேர்தான் என்னும்போது, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தில்லி வேலைக்கு மனுப்போட்டுக் காத்திருந்தார்கள் என்று நீங்கள் சொல்வதை, வயலிலும் தறியிலும் அடுப்படியிலும் இருக்கும் கோடிக்கணக்கானவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அடிப்படை எண்ணையே தவறாக எடுத்துக்கொண்டு அதன்மேல் மூன்று கோரிக்கைகளை அடுக்கியிருக்கிறீர்கள்.

வைகைக்கரையான்:
ஐயா, விண்ணப்பம் தானாக எழுந்து நடந்து தேர்வு மையத்துக்குப் போவதில்லை. ஒவ்வொரு விண்ணப்பத்துக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறார்.

கணக்குப்பிள்ளை:
பத்து விண்ணப்பங்களுக்குப் பின்னால் ஒரே ஆளும் இருக்கலாம். அதைத்தான் சொல்கிறேன்.

சிறுதொழிலன்:
என் பெயர் இழுக்கப்பட்டதால் வந்தேன். கோவை குறிச்சியில் சிறிய பட்டறை நடத்துகிறேன். ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளை எடுத்து, லேத்தில் கைபழகும் வரை பொறுத்திருந்து, தனியாக ஒரு வேலையைச் செய்து முடிக்கும் நிலைக்குக் கொண்டு வந்த பிறகு, மாநில அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வு அறிவிப்பு வந்துவிட்டது என்று பயிற்சி மையத்துக்குப் போய்விடுகிறார்கள். 2024இல் 6,244 இடங்களுக்குச் சுமார் 20 லட்சம் பேர் மோதினார்கள். மோதித் தோற்ற பிறகும் பட்டறைக்குத் திரும்புவதில்லை, அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்கிறார்கள். இதை மோகம் என்னாமல் வேறு என்னவென்று சொல்வது? என் பட்டறையில் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள்தாம் நிற்கிறார்கள்.

மலைக்கோட்டைத் தோழர்:
பட்டறையிலிருந்து போகிறவனைக் குறை சொல்லும் முதலாளி அவர்கள், அவனுக்கு நியமனக் கடிதம் கொடுத்தீர்களா, வருங்கால வைப்பு நிதி பிடித்தீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2023-24ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, வேளாண்மைக்கு வெளியே மாதச் சம்பளத்தில் இருப்பவர்களிலேயே பாதிக்கும் மேற்பட்டோருக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கிடையாது. அதே கணக்கெடுப்பில் வேலையின்மை 3.2 சதவீதம்தான் என்று அரசு பெருமைப்படுகிறது. ஆனால் வேலை பார்ப்பவர்களில் 58.4 சதவீதத்தினர் சுயதொழில் செய்வோர் என்பதையும், அவர்களுக்குள் சம்பளமே இல்லாமல் குடும்பத் தொழிலில் கைகொடுப்பவர்களும் அடக்கம் என்பதையும், 15 முதல் 29 வயதினரிடையே வேலையின்மை 10.2 சதவீதம் என்பதையும் யாரும் உரக்கச் சொல்வதில்லை. முழுப் பூசணிக்காயை இப்படித்தான் சோற்றில் மறைக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
தோழரின் புள்ளிவிவரங்கள் சரியாகவே இருக்கட்டும். அவற்றில் எதுவும் 22 கோடி பேர் என்ற கூற்றை மெய்யாக்கவில்லை. வைகைக்கரையான் இன்னும் அதைத் திருத்தவில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன். மேலும், அரசு மக்களவையில் தந்த அந்தப் பதிலின் ஆண்டுவாரி அட்டவணையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். 2018-19இல் மட்டும் 5.09 கோடி விண்ணப்பங்கள் வந்தன. 2020-21இல் அது 1.80 கோடியாகச் சுருங்கியது. இரண்டே ஆண்டுகளில் 3.29 கோடி இளைஞர்கள் மாயமாகிவிட்டார்களா? இல்லை. விண்ணப்பங்கள் அறிவிப்புகளைப் பொறுத்து ஏறி இறங்கும். ஆட்கள் அப்படி ஏறி இறங்கமாட்டார்கள். முப்பது ஆண்டுகள் தணிக்கைத் துறையில் எண்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எண்ணில் ஒழுக்கமில்லாதவரின் கோரிக்கையில் ஒழுக்கம் இருக்காது.

இரயிலடி வாசி:
நான் ரயில்வே குரூப் டி தேர்வு எழுதியவன். 2019இல் அறிவிப்பு வந்தது, 2022இல்தான் தேர்வு நடந்தது. 1.03 லட்சம் இடங்களுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள். கணக்குப்பிள்ளை ஐயாவின் வழியிலேயே போகிறேன். ஒருவர் எட்டு ஆண்டுகளில் பத்து விண்ணப்பம் போட்டார் என்று வைத்துக்கொண்டாலும் ஆட்கள் 2.2 கோடி, வேலை 7.22 லட்சம், அதாவது நூறு பேருக்கு மூன்று பேரைவிடச் சற்றே அதிகம். இந்தக் கணக்கில் உங்களுக்கு ஆறுதல் கிடைக்கிறதா? அறிவிப்புக்கும் தேர்வுக்கும் இடையே போன மூன்று ஆண்டுகளில் என்னோடு படித்த பலருக்கு வயது வரம்பே கடந்துபோனது. அதைப் பற்றி யாரும் இங்கே பேசவில்லை.

கணக்குப்பிள்ளை:
தம்பி, பத்து என்பது நீங்களாக வைத்துக்கொண்ட எண். இருபது என்று நான் வைத்துக்கொண்டால் விகிதம் இரட்டிப்பாகிறது. ஆனால், ஆட்கள் வேறு, விண்ணப்பங்கள் வேறு என்பதை நீங்களாவது உணர்ந்து வகுத்துப் பார்த்தீர்களே, அதற்கு நன்றி. தொடங்கியவருக்கு அது இன்னும் விளங்கவில்லை.

வைகைக்கரையான்:
விளங்காமலில்லை. ஆயிரம் விண்ணப்பங்களுக்கு மூன்று வேலை என்று எழுதினாலும் அவமானம் அரசுக்குத்தான். பத்துப் படிவம் போட்டவன் பத்து மடங்கு நம்பிக்கை இழந்தவன் என்பதால் நான் அவனைப் பத்துப் பேராகவே எண்ணுகிறேன். நீங்கள் எண்ணைத் திருத்துங்கள், நான் கேள்வியை விடுவதாக இல்லை. 2022 ஜூன் 14 அன்று, ஒன்றரை ஆண்டில் 10 லட்சம் பேரை அரசுப் பணியில் சேர்ப்போம் என்று பிரதமர் அலுவலகம் அறிவித்தது. அதே நாளில்தான் அக்னிபத் திட்டமும் வந்தது. ராணுவத்தில் நான்கு ஆண்டுகள் வைத்திருந்து, நான்கில் ஒரு பங்கினரை மட்டும் நிலைநிறுத்திவிட்டு, மற்றவர்களைச் சுமார் 11.7 லட்சம் ரூபாயோடு வீட்டுக்கு அனுப்பும் திட்டம் அது. ஒரே பகலில் ஒரு கையால் கொடுப்பதாகச் சொல்லி, மறு கையால் ஓய்வூதியத்தோடு கூடிய சிப்பாய் வேலையைப் பிடுங்கினார்கள்.

எல்லைவீரன் மகன்:
ராணுவத்தை இந்தச் சண்டைக்குள் இழுக்காதீர்கள். படையின் சராசரி வயதைக் குறைப்பதற்காக எடுக்கப்பட்ட முடிவு அது, வேலைவாய்ப்புத் திட்டமன்று. ராணுவம் யாருக்கும் வேலை கொடுப்பதற்காக இருப்பதில்லை.

மலைக்கோட்டைத் தோழர்:
அப்படியானால் அக்னிபத்தை எதிர்த்துப் பீகாரில் ரயில்களை ஏன் கொளுத்தினார்கள்? கொளுத்தியது தவறு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்த இருபது பதிவுகள் அதைப் பற்றியே ஓடும். அதே 2022 ஜனவரியில் 35,281 ரயில்வே பணியிடங்களுக்கான தேர்வு முடிவுகளால் கயாவில் ரயில் எரிந்ததும் இதே ஆத்திரத்தில்தான்.

எல்லைவீரன் மகன்:
கொளுத்தியது தவறு என்று சொல்லிக்கொண்டே காரணம் கண்டுபிடிக்கிறீர்கள். முன்பு இங்கே நடந்த பழைய ஓய்வூதியத் திட்ட விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

கணக்குப்பிள்ளை:
பழைய ஓய்வூதியத்தைத் தோழர் கிளப்புவார் என்று எதிர்பார்த்தேன், நண்பர் முந்திக்கொண்டார். 2004 ஜனவரி 1க்கு முன்பு மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவன் என்பதால் எனக்கு அந்த ஓய்வூதியம் வருகிறது. அதைச் சொல்லிக் காட்டி அந்த விவாதத்தில் என் வாயை அடைக்கப் பார்த்ததை நான் மறக்கவில்லை. எனக்குக் கிடைத்த நிலையான வேலையை அடுத்த தலைமுறைக்கு மறுக்கிறேன் என்ற குற்றச்சாட்டை இப்போதும் மறுக்கிறேன். நான் மறுப்பது பொய்யான எண்ணை மட்டுமே. 22.05 கோடி விண்ணப்பங்கள். பேர் அல்ல.

மலைக்கோட்டைத் தோழர்:
நிரந்தர நியமனம், பஞ்சப்படி, மாதந்தவறாத ஓய்வூதியம் ஆகிய மூன்றையும் அனுபவித்துக்கொண்டே, அவை மற்றவர்களுக்கு வேண்டும் என்று கேட்பவனிடம் பத்துக்கு இருபது என்று கணக்கு விளையாடுகிற மனம் எப்படி வாய்த்தது என்று வியக்கிறேன். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஆண்டு முழுதும் நடக்கும் வேலையில் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. ஆனால் அப்படித் தடைசெய்தாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிடமாட்டான் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் சொல்லிவிட்டது. 2006இல் உமாதேவி வழக்கின் தீர்ப்பு தற்காலிக ஊழியர்கள் நிரந்தரமாவதற்கு இருந்த வாசலையும் ஏறக்குறைய அடைத்தது. அந்தத் தீர்ப்பைக் கேடயமாக்கி நெடுங்காலம் உழைத்தவர்களைச் சுரண்டக்கூடாது என்று 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. எனவே வேலை நிலைப்பது நீதிமன்றப் படிக்கட்டில் நடக்கக்கூடாது, கொள்கையாக வர வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

சிறுதொழிலன்:
கொள்கை வந்துவிட்டதே, தோழர் படிக்கவில்லை போலும். 2025 ஆகஸ்ட் 1 முதல் நடப்பிலுள்ள மத்திய அரசுத் திட்டத்தில், முதன்முறையாக வைப்பு நிதிக்குள் வரும் ஊழியருக்கு 15,000 ரூபாய் வரை இரண்டு தவணையாகக் கிடைக்கிறது. ஆள் எடுக்கும் முதலாளிக்கும் மாதம் 3,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், குறித்த கால ஒப்பந்தத்தில் ஓராண்டு வேலை பார்த்தவருக்கே பணிக்கொடை உண்டு. இதற்கும் மேல் என்ன வேண்டும்?

மலைக்கோட்டைத் தோழர்:
அதே தொகுப்பில்தான் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெற வேண்டிய வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்த்தப்பட்டது. அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். ஊக்கத்தொகை முடியும் நாளில் ஆளையும் முடித்துவிட்டால் யார் கேட்பது? கூடவே, நான் கேட்டது வைப்பு நிதி பிடிக்கிறீர்களா என்று. பதில் இன்னும் வரவில்லை.

சிறுதொழிலன்:
என் பட்டறையில் இருபது பேர்கூட இல்லை. சட்டம் என்னைக் கேட்கவில்லை, நீங்கள் யார் கேட்பதற்கு?

இரயிலடி வாசி:
இருபது பேருக்குக் குறைவு என்றால் வைப்பு நிதி கட்டாயமில்லை. அப்புறம் ஏன் நாங்கள் அரசு வேலையைத் தேடி ஓடுகிறோம் என்று கேட்கிறீர்கள்? கேள்விக்கு நீங்களே பதிலும் சொல்லிவிட்டீர்கள்.

சிறுதொழிலன்:
கட்டாயமில்லை என்றேனே தவிர, பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. என் வாயில் சொல்லைத் திணிக்க வேண்டாம்.

வைகைக்கரையான்:
பிடிக்கிறேன் என்றும் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:
வைப்பு நிதி வரம்பு பற்றித் தனியாக எழுதுகிறேன். அதிலும் இருவர் சொல்வது அரைகுறையாக இருக்கிறது, ஏனெனில் இருபதுக்குக் குறைவான நிறுவனங்களும் தாமாக முன்வந்து சேரலாம். அதற்கிடையில், 9.79 லட்சம் காலியிடம் என்பதும் 2021 மார்ச் மாதத்து நிலவரம் என்பதையும், அதற்குப் பிறகு 2022 அக்டோபர் 22 அன்று 75,000 நியமனக் கடிதங்களோடு தொடங்கிய மத்திய அரசின் வேலைவாய்ப்பு மேளாக்களை அந்த எண் கணக்கில் கொள்ளவில்லை என்பதையும் வைகைக்கரையான் கவனிக்கட்டும்.

வைகைக்கரையான்:
பதவி உயர்வு கொடுத்தவர்களுக்கும் அந்த மேடையில் கடிதம் கொடுத்தார்கள் என்று அப்போதே புகார் எழுந்தது. இனி அந்தக் கடிதங்களை எண்ணலாமா, ஆட்களை எண்ணலாமா, ஐயா?

கணக்குப்பிள்ளை:
புகார் என்பது ஆதாரமன்று. எத்தனை கடிதம் பதவி உயர்வுக்கு என்று துறைவாரியாகக் கொண்டு வாருங்கள், பேசுவோம்.