உதவி: சலவைக்கல் சராசரி 4, கிரானைட் சராசரி 2. எங்கே தப்பு?

அல்சூர் அம்மா:
மகள் பி.யு.சி. முதல் வருடம் (பதினோராம் வகுப்பு). கட்டடக் கற்கள் மழையிலும் வெயிலிலும் எப்படிச் சிதைகின்றன என்று புராஜெக்ட். கட்டடத்தில் எந்தக் கல்லை எப்போது வைத்தார்கள் என்று தெரியாது. கல்லறைக் கல்லில் வருடமே செதுக்கியிருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஓசூர் ரோட்டுப் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். எழுத்து கூர்மையாக இருந்தால் 1, முழுக்க அழிந்திருந்தால் 6.

சலவைக்கல்: 3, 4, 4, 3, 5, 4, 5
கிரானைட்: 1, 1, 2, 1, 1, 6, 2

"சலவைக்கல் இரண்டு மடங்கு சிதைகிறது" என்று எழுதினாள். மிஸ் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறார்.

கணக்குப்பிள்ளை:
கிரானைட்டில் அந்த 6 என்ன மேடம்?

அல்சூர் அம்மா:
அது வெள்ளையடித்த கல் சார். எழுத்துக் குழியெல்லாம் சுண்ணாம்பு அடைத்திருந்தது.

கணக்குப்பிள்ளை:
அது மழை செய்த வேலை இல்லையே! எடுத்துவிடுங்கள். மீதி ஆறுக்கும் சராசரி 1.3. ஒரே கல் அதை 2 ஆக்கிவிட்டது. இடைநிலை அளவு, அதாவது எண்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது, 6 இருந்தாலும் போனாலும் 1தான். அப்புறம் அந்த "இரண்டு மடங்கு". இவை வெறும் வரிசை எண்கள், பரீட்சை ரேங்க் மாதிரி. நாலாம் ரேங்க் பையன் இரண்டாம் ரேங்க் பையனைவிட இரண்டு மடங்கு மக்கா?

கல்தச்சன் பேரன்:
சரி, வருடங்களைச் சொல்லுங்கள் அக்கா.

அல்சூர் அம்மா:
சலவைக்கல் 1890 முதல் 1930 வரை. கிரானைட் எல்லாம் 1985க்கு அப்புறம்.

கல்தச்சன் பேரன்:
பெரிய ஓட்டை இதுதான். தாத்தாவையும் பேரனையும் ஓடவிட்டு, யார் வேட்டி வேகத்தைத் தடுத்தது என்று பார்த்த கதை. சலவைக்கல் சீக்கிரம் கரையும் என்பது உண்மை. அது கால்சைட் என்ற சுண்ணக் கனிமம், கரியமில வாயு கலந்த மழைநீர் அதை மெல்ல அரிக்கும். கிரானைட்டில் உள்ள கனிமங்களில் குவார்ட்ஸ் அசைந்து கொடுக்காது, ஃபெல்ட்ஸ்பார் மட்டும் நிதானமாகக் களிமண்ணாகும். ஆனால் உங்கள் அட்டவணை அதைக் காட்டவில்லை. ஒரே காலத்துக் கற்களாகத் தேடிப் பிடியுங்கள்.

பழைய சலவைக்கல் சிலவற்றில் ஈயத்தால் எழுத்துப் பதித்திருப்பார்கள். பதித்தபோது கல்லோடு சமமாக இருந்தது. கல் கரையக் கரைய ஈயம் மேலே துருத்தி நிற்கும். வெர்னியர் காலிப்பரால் மூன்று நான்கு எழுத்துகளில் அளந்து சராசரி எடுங்கள். மில்லிமீட்டர் என்பதால் இங்கே தாராளமாகச் சராசரி போடலாம், மடங்கும் சொல்லலாம். வயதால் வகுத்தால் வேகம் கிடைக்கும்.

அல்சூர் அம்மா:
மறுபடி போய் வந்தோம். ஈய எழுத்துக் கல் ஒன்றுதான் கிடைத்தது, 110 வயது. 1.0, 1.2, 1.1 மி.மீ.; அதாவது நூறு வருடத்துக்கு 1 மி.மீ. 1920களின் கிரானைட் இரண்டு கிடைத்தன, இரண்டுக்கும் 2.

இன்னொரு சலவைக்கல்லில் கணவர் பெயர் 1898, கீழே மனைவி பெயர் 1931. கணவர் பெயரை விரலால் தடவித்தான் படித்தோம். மனைவி பெயர் நின்றபடியே தெரிந்தது. மேலே 4, கீழே 3. எதை எழுதுவது?

கல்தச்சன் பேரன்:
இரண்டையும், தனித்தனி வரிசையாக. வருடத்தையும் பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.