ப்யூக் ஃபின் ட்ரம்மை ஜீப் ஹப்புல உட்கார வைக்க முடியுமா?

தண்டையார்பேட்டை ரோட்ஸ்டர்:

அண்ணன்களுக்கு வணக்கம். பழைய ஜீப் சேஸி ஒண்ணு வெச்சு ரெண்டு சீட்டு ஓபன் வண்டி கட்டிக்கிட்டிருக்கேன். அமெரிக்காக்காரன் ஹாட் ராட்னு சொல்றானே, அந்த ஸ்டைல். முன் ஆக்சில், ஹப்பு (வீலும் ட்ரம்மும் மாட்டுற நடுப்பகுதி) எல்லாம் ஜீப்போடதுதான். பிரேக் ட்ரம் 9 அங்குலம். அந்த பிரேக்கை நம்பி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல போக மனசு வரல.

டெட்ராய்ட்டுல இருக்கிற சித்தப்பா பையன் ஊருக்கு வீட்டுச் சாமான் அனுப்பும்போது கூடவே ப்யூக்னு ஒரு அமெரிக்கக் காரோட ரெண்டு பிரேக் ட்ரம் போட்டு விட்டான். அலுமினியம், சுத்தி ஃபின் (சூட்டைத் தள்ளுற பட்டைங்க), உள்ள இரும்பு வளையம், 12 அங்குலம். பார்க்கவே அப்படி இருக்கு.

சிக்கல் இதுதான். அஞ்சு ஓட்டைல பக்கத்துப் பக்கத்து ஓட்டைக்கு சென்டர் டு சென்டர் அளந்தேன். ட்ரம்முல 74.6 மி.மீ., ஹப்புல 82 மி.மீ. நடு ஓட்டையும் சின்னது, ஹப்போட கழுத்து உள்ள போகல. எங்க தெரு மெக்கானிக் ஓட்டைய ஃபைல் போட்டு நீட்டிக்கலாம்னு சொல்றார். வெல்டர், பழைய ஓட்டைய ஆர்கான் வெல்டிங் வெச்சு அடைச்சிட்டுப் புதுசா போடலாம்ங்கிறார். எது சரி?

ராயபுரம் டூ ஸ்ட்ரோக்:

தலைவா, டிஸ்க் போட்டுட்டு கம்முனு வேலையப் பாரு. இதெல்லாம் தேவையா?

தண்டையார்பேட்டை ரோட்ஸ்டர்:

டிஸ்க் போட்டா அந்தக் காலத்து லுக்கே போயிடும் ப்ரோ. வீல் வழியா ஃபின் தெரியணும், அதுக்குத்தான் இவ்ளோ கஷ்டம்.

வியாசர்பாடி லேத்து:

தம்பி, ரெண்டு பேர் சொன்னதும் வேணாம். ஃபைலைக் கீழ வை.

நீ அளந்த அளவு கரெக்டாத்தான் இருக்கு. அஞ்சு ஸ்டட்டுக்கு (வீல் போல்ட்டு) அந்த அளவை 1.7ஆல பெருக்கினா பி.சி.டி., அதாவது ஓட்டைங்க நிக்கிற வட்டத்தோட விட்டம், கிட்டத்தட்ட வந்துடும். ட்ரம் 127 மி.மீ., அதாவது 5 அங்குலம். ஹப்பு 139.7, அஞ்சரை அங்குலம். பழைய ஃபோர்டுலயும் அதே அஞ்சரைதான். அதனால நீ பண்ற வேலைய அமெரிக்காவுல ஃபோர்டு ஹப்புல ப்யூக் ட்ரம் போட்டு ரொம்ப வருஷமா பண்ணிட்டிருக்கான். அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் வெளிய தள்ளும். சூட்டுல ட்ரம் விரிஞ்சு பெடல் கீழ இறங்குறது குறையும். அந்த ட்ரம் மேல அவங்களுக்கு இருக்கிற பைத்தியத்துக்கு லுக்கு மட்டும் காரணமில்ல.

ஓட்டைக் கணக்குக்கு வரேன். விட்டத்துல நாலு நூல், அதாவது அரை அங்குலம் வித்தியாசம், சென்டர்ல இருந்து பார்த்தா ரெண்டு நூல்தான். அதே இடத்துல புது ஓட்டை போட்டா பழசும் புதுசும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி முட்டை மாதிரி ஆயிடும். ட்ரம்மைத் திருப்பு. ரெண்டு பழைய ஓட்டைக்கு நடுவுல புது ஓட்டை வர்ற மாதிரி, 36 டிகிரி. அப்போ பழைய ஓட்டைக்கும் புதுசுக்கும் சென்டர்ல இருந்து சென்டர் 41 மி.மீ.க்கு மேல இருக்கும். நடுவுல நல்ல கனமா மெட்டல் நிக்குது, அடைக்கவே வேணாம். பழைய ஓட்டை சும்மா இருந்துட்டுப் போகட்டும். அந்த வயசு காஸ்டிங்ல ஆர்கான் வெச்சா எங்க வெடிக்கும்னு யாரும் சொல்ல முடியாது. உள்ள இரும்பு, வெளிய அலுமினியம், ரெண்டும் ஒரே அளவுல விரியாது.

இப்போ முக்கியமான விஷயம். ட்ரம்மை சென்டர்ல நிறுத்துறது ஸ்டட்டுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஸ்டட்டு இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். சென்டர் பண்றது ஹப்போட கழுத்து. அதனால முதல் வேலை நடு ஓட்டைய போரிங் போடுறது, அதாவது லேத்துல கடைஞ்சு பெரிசாக்குறது. லேத்தோட ஃபேஸ் பிளேட்டுல கட்டும்போது ஆட்டம் அளக்கிற டயலை ஃபின் மேலயோ வெளி விளிம்பு மேலயோ வைக்கக் கூடாது. அது வார்ப்புல வந்தபடி இருக்கும். பிரேக் ஷூ தேய்க்கிற இரும்பு ஃபேஸ்ல வெச்சு நேர் பண்ணு, அப்புறம் போர். கழுத்து மேல ரெண்டு தௌ கேப் (தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு), ரப்பர் சுத்தியால லேசா தட்டினா போகணும். லொடலொடன்னு விழுந்தா அந்த வேலை வீண். ஃபின்னோட சேர்த்து அந்த ட்ரம் சின்ன லேத்துல சுத்தாது, பெரிய சாமான் சுத்துறதுக்கு நடுவுல பள்ளம் விட்ட கேப் பெட் லேத்து இருக்கிற கடையா பார்த்துக் குடு.

கழுத்துல உட்கார்ந்த பிறகு ஹப்பையே ஜிக்கா வெச்சு, அதோட ஓட்டை வழியாவே பஞ்ச் மார்க் பண்ணு. காகிதத்துல கணக்குப் போட்டு டிரில் பண்றதை விட இது நம்பகமானது. எந்த ட்ரம் எந்த ஹப்புக்குன்னு குத்தி வை, மாத்திப் போடாதே.

ஹப்பு ஃபேஸ்ல பெயின்ட், துரு ஒரு பொடி கூட இருக்கக் கூடாது. அங்க ஒரு தௌ தூக்கினா 12 அங்குலத்து விளிம்புல அது இன்னும் பெரிய ஆட்டம். கடைசியா ஹப்போட பேரிங் கப்பைப் பிடிச்சு ட்ரம்மோட சேர்த்துச் சுத்த விட்டு, ஷூ தேய்க்கிற ஃபேஸ்ல லேசா ஒரு ஸ்கிம், அதாவது மெல்லிசா ஒரு சீவல். ஆட்டம் நாலஞ்சு தௌவுக்குள்ள வந்தா பெடல் உதறாது. ஆனா முதல்ல ட்ரம்மோட உள் விட்டத்தை அளந்துக்கோ. ஒரிஜினல்ல இருந்து 60 தௌவுக்கு மேல பெரிசாயிருந்தா ஷோகேஸ்ல வெச்சு அழகு பார்க்கலாம், வண்டில போடாதே. கயித்துல தொங்க விட்டுத் தட்டியும் பாரு. மணி மாதிரி இழுக்கணும். டொக்குன்னு நின்னா எங்கயோ கிராக் இருக்கு, இல்ல உள் வளையம் விட்டிருக்கு.

ஸ்டட்டை சம்மட்டியால அடிச்சு எடுக்காதே. ஜீப்புல ஸ்டட்டோட தோளை ட்ரம் மேல விரிச்சு விட்டிருப்பான். அந்த விரிஞ்ச பாகத்தை வெட்டிட்டு பிரஸ்ல தள்ளணும், இல்லன்னா ஹப்பு ஓட்டை பெரிசாயிடும். வண்டியோட இடது பக்கம் எதிர் மரை (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுத்தினாத்தான் கழலும்) இருக்கான்னும் பார்த்துக்க. பழைய ஜீப்புல அப்படித்தான் வரும். அது தெரியாம பைப்பைப் போட்டு இழுத்து உடைக்கிற பசங்களை வாராவாரம் பார்க்கிறேன்.

எர்ணாவூர் பிரேக் செக்ஷன்:

லேத்து அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனா தம்பி பேக் பிளேட் (ஷூ மாட்டுற பின் தகடு) பத்திப் பேசவே இல்லையே? நான் டிப்போல பிரேக் பார்த்தே ரிட்டயர் ஆனவன், அதனால கேட்கிறேன்.

9 அங்குல ஜீப் ஷூ 12 அங்குல ட்ரம்முக்குள்ள எதையும் தொடாது. பெண்டிக்ஸ் டைப்ல 12 அங்குல பிரேக் செட்டு வேணும். அதுல ஒரு ஷூ இன்னொரு ஷூவைத் தள்ளி தானே இறுக்கும், மேல ஷூவைத் தாங்க ஒரே ஆங்கர் பின். மொத்த பாரமும் அந்தப் பின் மேலதான் விழுது. வெறும் தகட்டுல போல்ட் போட்டு விட்டா முதல் சடன் பிரேக்லயே தகடு முறுக்கிடும். கனமான அடாப்டர் பிளேட் போட்டு, பின் அதுல ஏறி நக்கிளோட (ஆக்சில் முனைல ஸ்டீயரிங்குக்குத் திரும்புற பாகம்) பிடிக்கணும். லைனர் (ஷூ மேல ஒட்டின தேயுற பட்டை) குட்டையா இருக்கிற ஷூ வண்டியோட முன்பக்கம். அதை மாத்திப் போட்டுட்டு பிரேக் பிடிக்கலன்னு புலம்புறவங்க ஏராளம்.

அடாப்டர் கனம் முடிவாகாம ட்ரம்முல கை வைக்காதே. ட்ரம் உதடு பேக் பிளேட்டுல உரசுதா, ஷூ ட்ரம்முக்குள்ள முழுசா நிக்குதான்னு அதை வெச்சுத்தான் தெரியும். முன்னாடி இவ்ளோ பெரிய பிரேக் போட்டா பின்னாடி வீல் சிலிண்டர் அளவையும் சேர்த்துப் பார்க்கணும்.

பழைய ட்ரம்முல இருக்கிற தூசிய ஏர் அடிச்சு ஊதாதே. அந்தக் காலத்து லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ். தண்ணி தெளிச்சு ஈரத்துணியால துடை. ஆர்.டி.ஓ. விஷயம் தனி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52ல வண்டிய மாத்துறதுக்கு அனுமதி வேணும், முதல்ல போய்க் கேட்டுட்டு வா.

தண்டையார்பேட்டை ரோட்ஸ்டர்:

ரொம்ப நன்றிண்ணே ரெண்டு பேருக்கும். மெக்கானிக்கை நிறுத்திட்டேன். உள் விட்டம் அளந்தேன், ரெண்டு ட்ரம்முலயும் 20 தௌவுக்குள்ளதான் தேய்ஞ்சிருக்கு. தட்டினா நல்லா மணி அடிக்குது. பழைய ஸ்டட்டையே திரும்பப் போடலாமா?

வியாசர்பாடி லேத்து:

வேணாம். அலுமினிய ட்ரம்மோட ஃபேஸ் பழைய தகட்டு ட்ரம்மை விடக் கனம். ட்ரம், வீல் ரெண்டும் மாட்டின பிறகு நட்டு குறைஞ்சது ஸ்டட் விட்டத்தளவு மரை ஏறணும். அரை அங்குல ஸ்டட்டுன்னா நாலு நூல். பழசுல அவ்வளவு வராது. வீலோட ஒருதரம் சும்மா அடுக்கி வெச்சு மொத்தக் கனத்தை அளந்து போடு, என்ன நீளம் வாங்கணும்னு சொல்றேன்.