எடைப் பை காய்ந்திருந்ததா, நனைந்திருந்ததா? – 640 கிராம் தகராறு

தக்கைநாதர்
72 மணி நேரக் கெண்டை மீன்பிடி அணிப் போட்டியைப் பற்றி இந்த மன்றத்தின் இன்னொரு திரியில் கரைமேடு எழுதியதை இங்கே எடுத்துப் போடுகிறேன். அங்கேயே பதில் சொல்லலாம் என்று போனால் திரியைப் பூட்டிவிட்டார்கள்.

"புள்ளி சமம், எடையில் நாங்கள் கூடுதல், கோப்பை எங்களுக்கு. எடைப் பையைக் குறை சொல்வது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை."

ஆடத் தெரியுமா என்பதைக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசலாம். மூன்று பிரிவு, பிரிவுக்கு ஒரு ஜோடி. உங்கள் ஜோடிகள் வந்த இடம் 1, 4, 2. எங்களுடையவை 2, 1, 4. இரண்டும் 7 புள்ளி. சமமானால் மொத்த எடை பார்ப்பார்கள், அதில் தகராறு இல்லை. உங்களுக்கு 17 மீன், 148.260 கிலோ. எங்களுக்கு 11 மீன், 147.620 கிலோ. வித்தியாசம் 640 கிராம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தராசைச் சுழிக்கு, அதாவது பையின் எடையைக் கழித்துப் பூஜ்யத்துக்கு, கொண்டுவந்தபோது, மீனைக் கிடத்தித் தூக்கும் அந்தத் துணிப் பை காய்ந்திருந்தது. கூடாரக் கயிற்றில் தொங்கி மடிப்பெல்லாம் விறைத்துப்போன பை. அதை அப்படியே கொக்கியில் மாட்டிப் பொத்தானை அமுக்கினார்கள். அப்புறம்தான் தண்ணீரில் முக்கி மீனை வாங்கினார்கள். துணி குடித்த தண்ணீர் முழுக்க மீன் கணக்கில் ஏறியது. மீனுக்கு 120 கிராம் என்று வையுங்கள். உங்கள் 17 மீனுக்கு 2,040 கிராம் ஓசி. எங்கள் 11 மீனுக்கு 1,320. உங்களுக்கு மட்டும் 720 கிராம் கூடுதல். அதில் 640-ஐக் கழித்தால் 80 கிராமில் ஜெயித்தது யார்?

கரைமேடு
வணக்கம் தக்கைநாதரே. 120 கிராம் எங்கிருந்து வந்தது? 100 என்று வையுங்கள். ஆறு மீன் வித்தியாசத்துக்கு 600 கிராம். அப்போதும் நாங்கள்தான் 40 கிராமில் மேலே. 107-ஐத் தொட்டால்தான் உங்களுக்குக் கோப்பை. என்ன ஒரு தற்செயல், நீங்கள் சொல்கிற எண் 107-ஐத் தாண்டி வந்து நிற்கிறது.

எல்லா அணிக்கும் அதே பைதான். உங்கள் மீனும் அதில்தான் படுத்தது.

தக்கைநாதர்
அதே பை என்பதுதான் கோளாறே. மீன் ஒன்றுக்கு ஒரு தப்பு என்றால் அதிக மீன் பிடித்தவனுக்கு அதிக லாபம். நாங்கள் பெரிய மீனுக்காகக் காத்திருந்தோம், நீங்கள் சின்னதாக நிறைய எடுத்தீர்கள். 120 கிராம் உங்களுக்கு 17 தடவை, எங்களுக்கு 11 தடவை. இதுகூடப் புரியாதவரா எங்களுக்கு ஆடக் கற்றுக்கொடுக்கிறார்?

ஈயக்குண்டு
இருவருக்கும் ஒரு வார்த்தை. பல அணிப் போட்டிகளில் எடை போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். பையை முதலில் தண்ணீரில் முக்க வேண்டும், உதற வேண்டும், அப்புறம்தான் சுழி. கையில் தூக்கிப் பிடிக்காமல் முக்காலியில் மாட்ட வேண்டும். ஒவ்வொரு மீனுக்கும் முன்னால் மறுபடி சுழி பார்க்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால், முதலில் முக்க மறந்திருந்தாலும் முதல் மீன் ஒன்றுக்குத்தான் காய்ந்த பை. அதற்குப் பிறகு அது எப்படிக் காய்ந்த பை ஆகும்?

இன்னொன்று. நீங்கள் இருவரும் 'நனைந்த பை' என்று எதைச் சொல்கிறீர்கள்? தண்ணீரிலிருந்து எடுத்த கையோடு ஒழுகும் பையா, சொட்டு நின்ற பையா? இரண்டுக்கும் நடுவில் நல்ல வித்தியாசம் உண்டு. அதை முடிவு பண்ணாமல் கிராம் பேசிப் பயனில்லை.

தக்கைநாதர்
"அப்படிச் செய்திருந்தால்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் அண்ணே. செய்யவில்லை. அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். பை காய்ந்திருந்தது.

சேற்றுக்கெண்டை
அண்ணன்களே, நான் புதியவன். மொத்த எடை அதிகமாக இருந்தால் நேராக ஜெயித்தது என்று சொல்லிவிடலாமே, எதற்குப் பிரிவுப் புள்ளி?

தூங்காநரம்பு
நல்ல கேள்வி தம்பி, இந்தத் திரியில் இதுவரை கேட்ட ஒரே கேள்வி. ஏரியில் ஒரு மூலை எப்போதும் மற்ற மூலையைவிடப் பணக்கார மூலையாகத்தான் இருக்கும். குலுக்கலில் அது விழுந்தவன் இரண்டு மடங்கு எடையோடு வந்து போட்டியையே முடித்துவிடுவான். அதனால் ஏரியைப் பிரிவுகளாக வெட்டி, அந்தந்தப் பிரிவுக்குள் முதல் வந்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று போகும். கூட்டினால் குறைந்த புள்ளி எந்த அணிக்கோ அதற்கு வெற்றி. உலகப் போட்டியிலும் நாட்டுக்கு மூன்று ஜோடி, 72 மணி நேரம், கணக்கும் இதே கணக்குதான். ஒரு ஜோடி மீனே பார்க்காமல் கரையேறினால் அந்தப் பிரிவில் பெரிய புள்ளி தலையில் விழும், மற்ற இரண்டு ஜோடி என்ன பிடித்தாலும் அதை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் தனிப் போட்டியில் பெரிய மீனுக்குத் தவம் கிடப்பவன்கூட, அணிப் போட்டியில் முதலில் ஒரு மீனைக் கரைக்குக் கொண்டுவரத்தான் பார்ப்பான்.

மற்றபடி கோப்பையை அந்தப் பைக்கே கொடுத்துவிடலாம் என்பது என் யோசனை. மூன்று நாளும் அதிகம் வேலை செய்தது அதுதான்.

கரைமேடு
தூங்காநரம்பு சொன்னதை தக்கைநாதர் இரண்டு தரம் படிக்க வேண்டும். பெரிய மீனுக்குக் காத்திருந்தோம் என்று பெருமை வேறு. மூன்றாவது பிரிவில் உங்கள் ஜோடி நாலாவது வந்ததே, அதுவும் பையாலா? இரண்டாம் நாள் மதியம் காற்று திரும்பியது. வெதுவெதுப்பான காற்று, எதிர்க்கரையில் போய் மோதியது. மீன் அதோடு போயிற்று. உங்கள் ஆட்கள் அப்போதும் அதே இடத்தில் ஸ்பாட் ராக்கெட்டை, இரையை நிரப்பி எறியும் குழாயை, அடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் அந்தச் சத்தத்தைக் கேட்டு எஞ்சியிருந்ததும் போயிருக்கும்.

தக்கைநாதர்
குலுக்கலில் விழுந்த இடத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போக முடியுமா? எல்லைக் கம்பைத் தாண்டி எறிந்தால் வெளியே அனுப்புவார்கள், தெரியாதா?

கரைமேடு
இடத்தை மாற்றச் சொல்லவில்லை ஐயா, ஆழத்தை. அடியில் கிடக்கிற இரை உருண்டையை ஒரு கோலிலாவது நடுத்தண்ணீருக்கு உயர்த்திப் பார்த்தார்களா? இரையை நடுத்தண்ணீரில் நிறுத்தும் ஜிக் கட்டத் தெரியாது என்றால் சொல்லுங்கள், முடிச்சுப் படம் அனுப்புகிறேன்.

தக்கைநாதர்
ஜிக் முடிச்சு எனக்கு நீங்கள் அனுப்புகிறீர்களா? சரி. பேச்சை மாற்றாதீர்கள். பை காய்ந்திருந்தது. இன்று என் பையையே அளந்தேன். காய்ந்து 485 கிராம். முக்கி, உதறி, சொட்டு நிற்கிற வரை தொங்கவிட்டால் 610. வித்தியாசம் 125. நான் 120 என்று குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

கரைமேடு
நேற்று 120, இன்று 125. இன்னும் நாலு பதிவு போனால் மீனைவிடப் பை கனமாகிவிடும். அது உங்கள் பை. போட்டிப் பை அல்ல. துணி வேறு, ஓரத்து மிதவைக் குச்சி வேறு, அளவு வேறு.

செதிலன்
மூன்று நாளாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவருக்கும் உறைக்கவில்லையா? காய்ந்த துணியில் மீனைக் கிடத்தினால் மேல் வழவழப்பு உரிந்துவிடும். அது போனால் நோய் ஒட்டும். பை காய்ந்திருந்தால் நீங்கள் கத்த வேண்டியது மீனுக்காக, கிராமுக்காக அல்ல. இன்னொன்று, கெண்டைக்கு இரைப்பை கிடையாது. தொண்டைப் பல்லில் அரைத்தது நேராகக் குடலுக்குப் போகும். இரவில் தண்ணீர் குளிரக் குளிரச் செரிப்பு மந்தமாகும். அந்த நேரத்தில் இத்தனை உருண்டையைக் கொட்டினால் தின்னாமல் அடியில் கிடந்து புளிக்கும். இரண்டு அணியும் அதைத்தான் செய்தீர்கள்.

தக்கைநாதர்
பார்த்துக்கொள்ளுங்கள். செதிலனும் பை காய்ந்திருந்தது என்றுதான் சொல்கிறார்.

செதிலன்
நான் எங்கே சொன்னேன்? காய்ந்திருந்தால் என்றேன். மேலும், சுழி காய்ந்த பையில் போட்டாலும் மீனை வாங்குவதற்கு முன் முக்கினார்கள் என்று நீங்கள்தான் முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு உங்கள் கோப்பையில் அக்கறையும் இல்லை.

தக்கைநாதர்
மீனை வாங்குவதற்கு முன் முக்கினார்கள், சுழிக்கு முன் முக்கவில்லை. இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள இத்தனை பேருக்கு இவ்வளவு கஷ்டமா?

ஈயக்குண்டு
எடைச் சீட்டில் கையெழுத்துப் போட்டது யார்? ஒவ்வொரு மீனுக்கும் பிடித்தவர் ஒரு கையெழுத்து, எடை போட்டவர் ஒரு கையெழுத்து. 11 சீட்டிலும் உங்கள் ஆள் கையெழுத்து இருக்குமே. காய்ந்த பை என்று தெரிந்தால் அப்போதே பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். முடிவு அறிவித்த பிறகு புகார் கொடுக்கவும் நேரம் கொடுத்திருப்பார்கள். கொடுத்தீர்களா?

அத்தோடு, 20 கிராம் படியில் காட்டுகிற தராசு அது. காற்றில் முக்காலி ஆடினால் 40 இந்தப் பக்கம், 40 அந்தப் பக்கம். 80 கிராமில் ஜெயித்தோம் என்று சத்தியம் செய்ய முடியாது. எதிர்த்தரப்பும் 40 கிராம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. 'நனைந்த பை' எது என்று கேட்டதற்கும் இன்னும் பதில் வரவில்லை.

தக்கைநாதர்
ராத்திரி மூன்று மணி. தலைவிளக்கு வெளிச்சம். மீன் கடித்ததைச் சொல்லும் அலாரம் கத்தி எழுந்து, சேற்றில் முழங்கால் வரை இறங்கி மீனை வலையில் வாங்கிய ஆள், பக்கத்தில் அடுத்த கோல் மறுபடி கத்திக்கொண்டிருக்கும்போது ஈரக் கையோடு கிறுக்கிய கையெழுத்து அது. அவர் கையெழுத்துப் போட்டது திரையில் தெரிந்த எடைக்கு. சுழிக்கு அல்ல. சுழி போட்ட நேரத்தில் அவர் கோலோடு தண்ணீருக்குள் நின்றார்.

அண்ணே, எடை போடுகிறவர்கள் எல்லாரும் உங்களைப் போல முக்கி உதறுவார்கள் என்று நினைத்துவிட்டீர்கள். அதுதான் உங்கள் பலவீனம்.

ஈயக்குண்டு
என் பலவீனத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தூங்காநரம்பு
1952-ல் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் பிடித்த 44 பவுண்டுக் கெண்டையை லண்டன் விலங்குக் காட்சிசாலைக்கே அனுப்பிவிட்டார்கள். 1980 வரை பிரிட்டன் சாதனை அதுதான். சந்தேகம் இருந்தவன் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். இங்கே 28 மீனும் எடை போட்ட கையோடு தண்ணீருக்குள் போய்விட்டது. கூப்பிட்டு மறுபடி பையில் படுக்கச் சொல்லுங்கள், முடிந்தால்.

கரைமேடு
மீன் வராது, தக்கைநாதர் மட்டும் வருவார். இவருடைய அளவுகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். போன பருவத்தில் "30 சுற்று எறிந்தேன்" என்று இங்கே ஒரு பதிவு போட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? தூண்டில் நரம்பைச் சுற்றி எறியும் தூரத்தை அளக்கிற தூரக் கம்பி இரண்டுக்கும் நடுவில் 12 அடி இருக்க வேண்டும். 30 சுற்று என்றால் 360 அடி, கிட்டத்தட்ட 110 மீட்டர். இவர் கம்பிகள் 11 அடியில் நின்றன. 9 மீட்டர் காற்றில் வந்தது.

தக்கைநாதர்
அந்தப் பழைய கதையைத் தோண்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். 11 அடி என்று யார் அளந்தது? நீங்கள் உங்கள் காலால் எட்டு வைத்து அளந்தீர்கள். உங்கள் கால் எவ்வளவு நீளம்? அந்தக் கம்பிகளோடு கயிறும் சேர்ந்து வந்தது. கயிறு இறுகும் வரை இழுத்துக் குத்தினால் 12 அடிக்கு ஒரு விரல்கூடக் குறையாது.

கரைமேடு
கயிறு நனைந்து சுருங்கியிருக்கும். ஈரம் என்றால் உங்களுக்குத்தான் தெரியுமே.

தக்கைநாதர்
கிண்டல் வேண்டாம். கயிறு பின்னிய கயிறு, சுருங்காது. நாளைக்கே கம்பியைத் தரையில் குத்தி, நாடாவைப் பிடித்துப் படம் போடுகிறேன்.

சேற்றுக்கெண்டை
அண்ணே, தூரக் கம்பி இல்லாமல் நரம்பை மாட்டி நிறுத்தும் ரீல் கிளிப்பை மட்டும் வைத்து ஒரே இடத்தில் எறிய முடியாதா?

கரைமேடு
தக்கைநாதரே, நாடா யாருடையது? உங்களுடையதா?

தக்கைநாதர்
நாடாவிலும் சந்தேகமா? அப்போ ஈயக்குண்டு அண்ணன் நாடாவைக் கொண்டுவரட்டும், அவரே அளக்கட்டும்.

ஈயக்குண்டு
என்னை இதில் இழுக்காதீர்கள்.