சின்ன அரசனின் தலையில் நெளிந்த புழு

(குடும்பக் குழு, ஞாயிறு இரவு)

9:12, கவின், அஸ்தம்பட்டி
‘கிங்டம்’ என்ற கொரிய ஜாம்பித் தொடரின் இரண்டாம் சீசனில் கடைசிப் பகுதியான ஆறாவதை இப்போதுதான் பார்த்து முடித்தோம். கடிபட்டும் ஜாம்பியாக மாறாமல் பிழைத்த கைக்குழந்தை, ஏழாண்டுகளுக்குப் பின் அரசனாக வீற்றிருக்கிறான். ஆளை ஜாம்பியாக மாற்றும் அந்தப் புழு அவன் மூளைக்குள் நெளிவதையும், வடக்கே ஒரு பெண் நிற்பதையும் காட்டிவிட்டுச் சீசனை முடித்துவிட்டார்கள். இது என்ன நியாயம்?

9:15, பெரியப்பா, செவ்வாய்ப்பேட்டை
2020 மார்ச்சில் வந்ததைப் பார்த்துவிட்டு இன்று நியாயம் கேட்கிறாய். நான் ஊரடங்கிலேயே கேட்டுச் சலித்துவிட்டேன். முதல் சீசன் முடிவு இப்படி ஏய்க்கவில்லை. விடிந்தால் பிணங்கள் அடங்கிவிடும் என்று நம்பி இளவரசர் லீ சாங்கின் ஆட்கள் மூச்சுவிடுகிறார்கள். அதே நேரத்தில் பனிப் பள்ளத்தாக்கில் நிற்கும் மருத்துவச்சி சோ-பி, அவற்றை அடக்கியது வெளிச்சமல்ல, வெப்பம்தான் என்று கண்டுகொள்கிறாள். பழைய கேள்வி தீர்ந்து, அதைவிடப் பெரிய பயம் பிறந்தது. முடிவு என்றால் அது முடிவு.

9:16, நிலா, அஸ்தம்பட்டி
அப்படியானால் சேலத்தில் சித்திரை மாதம் முழுவதும் அவை படுத்தே கிடக்குமா, பெரியப்பா?

9:21, அத்தை, ஏற்காடு
சேலத்தில் கிடக்கும், எங்கள் பாடுதான் திண்டாட்டம். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்று கணக்கிட்டால், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி வருவதற்குள் எட்டு டிகிரி குறைந்துவிடும். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே சன்னல் கண்ணாடியில் பனி படிந்து, தெருவிளக்கு மஞ்சள் பொட்டாகத் தெரிகிறது.

புழுவுக்கு வருகிறேன். குளிரில் பிணம் எழும் என்றால், உயிருள்ள பையனின் உடற்சூட்டில் புழு உறங்கிக்கிடந்திருக்கலாம் அல்லவா?

9:24, கவின்
ஒத்துக்கொள்ள முடியவில்லை, அத்தை. கடிபட்ட காவலர்களுக்கும் அதே உடற்சூடுதானே? அவர்கள் கண்மூடித் திறப்பதற்குள் மாறினார்களே!

9:25, அத்தை
அதுவும் சரிதான்.

9:33, பெரியப்பா
சூட்டை விடுங்கள், வயதைப் பாருங்கள். பச்சிளங்குழந்தையின் மூளை வளர்ந்து முடிந்ததல்ல; புழுவுக்குப் பற்றிக்கொள்ள இடம் கிடைக்காமல் ஒதுங்கிக் கிடந்திருக்கும் என்பது என் எண்ணம். ஏழு வயதில் மூளை பெரும்பாலும் வளர்ந்துவிடுகிறது, அதனால் இப்போது அசைகிறது. அரண்மனைத் தோட்டத்தில் உறைந்த குளம் உடைந்து உள்ளே விழுந்த, கடிபட்ட பெரியவர்களின் உடலிலிருந்து புழுக்கள் நீருக்குள் வெளியேறியதையும் நினைத்துப் பாருங்கள். அவர்களை விட்டுப் புழு உடனே போய்விட்டது, இவனோ ஏழாண்டு சுமந்திருக்கிறான். ஆனால் அவன் மாறுவானா, மாறாமலே ஆள்வானா என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

9:36, நிலா
வடக்கே நின்ற அந்தப் பெண் யார் என்பதாவது தெரியுமா?

9:40, பெரியப்பா
அவள் பெயர் ஆஷின். 2021 ஜூலையில் வந்த தனிப்படம் அவள் கதையைத்தான் சொல்கிறது. தன் ஊராரை இழந்த சிறுமி எப்படிப் பழிவாங்கக் கிளம்பினாள் என்று நிறுத்தி நிதானமாகக் காட்டுகிறது. அரசனின் புழுவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

9:41, கவின்
பெரியப்பா, அதை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை!

9:42, அத்தை
அண்ணா, ஆஷினைப் பற்றிய அந்தச் செய்தியை உடனே அழித்துவிடுங்கள்.