பல்லாங்குழி கேம்: விளம்பரத்துக்கு 300 வெள்ளி போயிற்று, ஆடுபவர்கள் தங்கவில்லை. உதவி தேவை

குழி14 (பினாங்கு):
வணக்கம். நானும் என் தங்கையும் ஓராண்டாக, வேலை முடிந்து வந்த பிறகு உட்கார்ந்து ஒரு பல்லாங்குழி கேம் செய்தோம். ஆண்ட்ராய்டில் மட்டும்தான். பாட்டி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை அப்படியே இருக்கிறது.

விளம்பரத்துக்கு எடுத்து வைத்தது 600 வெள்ளி (ரிங்கிட்). கூகள் ஆப் கேம்பெயினில் நாளுக்கு 15 வெள்ளி, மலேசியா மட்டும், இன்ஸ்டாலுக்கு இலக்கு விலை 1 வெள்ளி என்று வைத்து 20 நாள் ஓட்டினேன். 410 இன்ஸ்டால் வந்தது. மறுநாள் திரும்பி வந்தவர்கள் 19 பேர்தான். நான்கு பேர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் 300 வெள்ளியை ஃபேஸ்புக்கில் போடலாமா, டிக்டாக்கிலா?

செந்தூல்காரன்:
தம்பி, உங்கள் பட்ஜெட்தான் சிக்கல். இன்ஸ்டாலுக்கு ஓட்டும்போது தினசரித் தொகை இலக்கு விலையைப் போல 50 மடங்காவது இருக்க வேண்டும் என்று கூகளே சொல்கிறது. 1 வெள்ளிக்கு 50 வெள்ளி. 15 வெள்ளியில் யாரைத் தேடுவது என்று கேம்பெயினால் கற்றுக்கொள்ளவே முடியாது. 20 நாள் இழுப்பதைவிட 50 வெள்ளி வீதம் ஆறு நாள் ஓட்டுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:
அந்தக் கணக்கு சரி. ஆனால் இப்போது ஒரு சென்கூடப் போடாதீர்கள் தம்பி. இன்ஸ்டாலுக்கு 73 சென் ஆகியிருக்கிறது, ஆளும் வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் ஏன் போனார்கள் என்று தெரியாமல் இன்னும் 300 பேரை அழைத்து என்ன பயன்? அந்த நான்கு பேர் என்ன எழுதினார்கள்? ஸ்டோரில் கேமின் பெயர் என்ன?

குழி14:
பெயர் 'பல்லாங்குழி சோங்காக்'. சோங்காக் மலாய்க்காரர்களின் குழி ஆட்டம், அந்தப் பெயரில் தேடுபவர்கள் அதிகம் என்று நினைத்துச் சேர்த்தேன். விளம்பர வரியிலும் சோங்காக்தான் முதலில் வரும். மூன்று பேர் மலாயில் ஒரே கேள்வியை எழுதியிருக்கிறார்கள்: "ரூமா மானா?" (வீடு எங்கே?)

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:
கிடைத்துவிட்டது. சோங்காக் பலகையில் இரண்டு முனையிலும் பெரிய குழி ஒன்று இருக்கும், அதுதான் ரூமா. சுற்றி வரும்போதெல்லாம் தன் ரூமாவில் ஒரு முத்து போட வேண்டும், அதில் சேர்வதுதான் வெற்றி. நம் பல்லாங்குழியில் பதினான்கு குழி மட்டும்தான். நாலு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்கிறோம், வெற்றுக் குழியைத் தடவி அடுத்த குழியை அள்ளுகிறோம். சோங்காக் என்று நம்பி வந்தவருக்கு உங்கள் கேம் பழுதானதாகத்தான் தெரியும். நம்பாவிட்டால் சோங்காக் ஆடிப் பழகிய ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

குழி14:
நேற்று மாலை பட்டர்வொர்த்தில் அத்தை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மா) கொடுத்தேன். குழியைத் தொட்டார், முத்துகள் ஓடின. கடைசிக் குழி தாண்டியதும் பலகையின் ஓரத்தில், ஒன்றுமே வரையாத இடத்தில், விரலை வைத்துக் காத்திருந்தார். முத்து அவர் விரலைத் தாண்டி எதிர் வரிசைக்குப் போனது. என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது முறையும் அதே இடத்தில் விரல். மூன்றாவது ஆட்டத்துக்கு அவர் கேட்கவில்லை. ஓராண்டில் ஒரு நாள்கூட இதை நாங்கள் பார்க்கவில்லையே என்று மனசு வலித்தது. இப்போது என்ன செய்வது அக்கா? சோங்காக் என்ற பெயரை எடுத்துவிடலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:
இன்றைக்கே பெயரிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் எடுங்கள். அப்புறம் நேரம் எடுத்து ரூமா வைத்த சோங்காக் ஆட்டத்தைத் தனியாகச் செய்யுங்கள். பலகை, முத்து எல்லாம் கையில் இருக்கிறது, விதி மட்டும்தான் மாறும். ஆப்பை வெளியிடும் பிளே கன்சோலில் ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பெயர், தனி விவரம், தனிப் படங்கள் கொடுக்கலாம், அதற்குச் செலவில்லை. மலாய்ப் பக்கத்தின் முதல் படத்தில் ரூமா தெரியட்டும், தமிழ்ப் பக்கத்தில் பசு எடுக்கும் காட்சி. பெயருக்கு 30 எழுத்துதான் இடம், யோசித்து வையுங்கள்.

அந்த நான்கு பேருக்கும் மரியாதையாகப் பதில் எழுதுங்கள். 2021 நவம்பரிலிருந்து பிளே ஸ்டோர் அந்தந்த நாட்டு மதிப்பீட்டைத்தான் அந்த நாட்டுக்காரர்களுக்குக் காட்டுகிறது. மலேசியாவில் விழுந்த ஒற்றை நட்சத்திரம் மலேசியாவில்தான் உங்களைத் தடுக்கும். புதிய பதிப்பு வந்ததும் அவர்களுக்கே சொல்லுங்கள், மாற்றிக் கொடுப்பவர்கள் உண்டு.

செந்தூல்காரன்:
அக்கா சொல்வதுதான் சரி, நான் பணத்தை மட்டும் பார்த்துவிட்டேன். அந்த 300 வெள்ளியைச் சோங்காக் பதிப்புக்கு வைத்திருங்கள். அப்போது ஆறு நாள் கணக்கு உதவும்.

குழி14:
பெயரை மாற்றிவிட்டேன், கேம்பெயினையும் நிறுத்தியாயிற்று. தங்கை ரூமாவை வரையத் தொடங்கிவிட்டாள். முடிந்ததும் முதலில் மக்சிக்கிடம்தான் கொண்டு போவோம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:
எனக்கும் அனுப்புங்கள், அம்மாவிடம் கொடுக்கிறேன். அவர் குழிக்கு ஆறு முத்து போட்டு ஆடிப் பழகியவர். உங்கள் படத்தில் ஐந்துதான் இருக்கிறது. அதை மாற்றிக்கொள்ளவும் ஓர் இடம் வையுங்கள் தம்பி.