மாமா கொடுத்த செஸ் புத்தகங்கள்: எதை முதலில் எடுப்பது?

குடியாத்தம் குதிரை

வணக்கம். மாமா பெங்களூருவில் மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது தன் செஸ் புத்தகங்களை எல்லாம் என்னிடம் ஒப்படைத்தார். காட்பாடியில் வேலை பார்த்த காலத்தில், சென்னை சென்ட்ரலில் இறங்கினால் அவர் முதலில் நுழைவது பக்கத்தில் இருக்கும் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள்தான். முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவின் ‘செஸ் ஃபண்டமென்டல்ஸ்’, சூரிச் 1953 போட்டி பற்றி அதில் ஆடிய புரொன்ஸ்டைன் எழுதியது, ஃபிஷரின் 60 ஆட்டங்கள், அட்டை போன ரஷ்ய வெளியீடுகள் சில, அப்புறம் ஓபனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) பற்றிய புத்தகங்கள் ஓர் அடுக்கு.

லுங்கி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பலகை முன்னால் உட்கார முடியும். ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 1500 பக்கத்திலேயே நிற்கிறது. இதில் எதைத் தொடுவது? சிலவற்றில் ‘பி-கே4’ என்று பழைய குறியீடு இருக்கிறது, அது வேறு தலை சுற்றுகிறது. கைபேசியில் நல்ல நகர்த்தலைக் கணித்துச் சொல்லும் எஞ்சின் இருக்கும்போது இவ்வளவு சிரமப்பட வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு இந்தப் புத்தகங்களை விட மனம் இல்லை.

சத்துவாச்சாரி வாத்தியார்

தம்பி, நல்ல சொத்து கைக்கு வந்திருக்கிறது. ஒன்றை மட்டும் வெளியே வை, மற்றதையெல்லாம் பீரோவில் பூட்டு. வெளியே இருக்க வேண்டியது கபாபிளாங்கா. 1921இல் வந்த புத்தகம். ஓபனிங்கில் தொடங்காமல், யானையையும் ராஜாவையும் வைத்து எதிரி ராஜாவை மேட் செய்வதில் (தப்ப வழியில்லாமல் மடக்குவதில்) தொடங்கும். காய்கள் குறைவாக இருக்கும்போதுதான் ஒவ்வொரு காயின் பலமும் கண்ணுக்குத் தெரியும்.

படிக்கும் விதம் முக்கியம். கைபேசியைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, மரப்பலகையில் காய்களை அடுக்கு. ஓர் அஞ்சலட்டையால் பக்கத்தை மறை. ஜெயித்தவர் பக்கம் உட்கார்ந்து, அடுத்த நகர்த்தலை நீயே யோசி. யோசித்ததை ஏன் என்பதோடு நோட்டில் ஒரு வரி எழுது. பிறகு அட்டையை ஒரு வரி கீழே இறக்கு. உன் நகர்த்தலும் அவருடையதும் வேறாக இருக்கும் இடத்தில்தான் பாடம் இருக்கிறது, அங்கே நின்று நிதானி. எஞ்சினைக் கடைசியில் திற, உன் நோட்டைச் சரிபார்க்க மட்டும். குகேஷ் சிறு வயதில் நீண்ட காலம் எஞ்சின் இல்லாமல் பயிற்சி எடுத்தவர். 2024இல் உலக சாம்பியனும் ஆனார்.

ஓர் ஆட்டம் சொல்கிறேன், தேடி எடுத்து ஆடிப் பார். 1924 நியூயார்க், கபாபிளாங்காவும் டார்ட்டகோவரும். யானை எண்ட்கேம், அதாவது ராஜாவோடு யானையும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டம். 35ஆவது நகர்த்தலுக்கு வந்ததும் பக்கத்தை மறைத்துவிடு. கட்டங்களுக்கு நெடுக்கே ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்கே வெள்ளை பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண். வெள்ளையின் யானை எச்7இல் நிற்கிறது, சி3 சிப்பாய் அடிபடப் போகிறது. நீயும் நானும் சிப்பாயைக் காப்பாற்றத்தான் பார்ப்போம். அவர் ராஜாவை ஜி3க்கு ஏற்றுகிறார். கறுப்பு யானை சி3 சிப்பாயைச் செக்கோடு வெட்டுகிறது. ராஜா எச்4. அப்புறம் எஃப்4 சிப்பாயும் செக்கோடு போகிறது. ராஜா ஜி5, பிறகு எஃப்6. எஃப்5இல் கறுப்புச் சிப்பாய் இருக்கிறது, அதை வெட்டவே இல்லை! அது இருப்பதால்தான் பின்னால் நிற்கும் ராஜாவுக்கு எஃப் வரிசையில் செக் கொடுக்க முடியாது. இரண்டு சிப்பாய் கொடுத்து ராஜாவை எதிரி வாசலில் நிறுத்திவிட்டார். எண்ட்கேமில் ராஜா சண்டைக்காரன் என்பதை எனக்கு இதைவிட நன்றாக யாரும் காட்டியதில்லை.

பழைய குறியீட்டுக்குப் பயப்படாதே. நெடுக்கு வரிசைக்கு, தொடக்கத்தில் அங்கே நிற்கும் காயின் பெயர். எண்ணை அவரவர் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். ‘பி’ சிப்பாய், ‘கே’ ராஜா, ‘என்’ குதிரை, ‘கேபி’ ராஜா பக்கத்து பிஷப். வெள்ளைக்கு ‘பி-கே4’ என்றால் இ4, கறுப்புக்கு அதுவே இ5. ‘என்-கேபி3’ வெள்ளைக்கு எஃப்3, கறுப்புக்கு எஃப்6. குதிரைக்கு ‘கேடி’ என்று போட்ட புத்தகங்களும் உண்டு. ஓர் ஆட்டம் முழுக்க ஆடினால் கை பழகிவிடும்.

ராணிப்பேட்டை அம்மா

என் மகள் போட்டிகளுக்குப் போகிறாள். வாத்தியார் சொன்ன அஞ்சலட்டை முறை எங்கள் வீட்டிலும் நடக்கிறது. ஒன்று சேர்க்கிறேன். ஓபனிங் அடுக்கில் இருப்பவற்றை இப்போதைய நகர்த்தல் வரிசைக்கு நம்ப வேண்டாம், எஞ்சின் வந்த பிறகு பல நகர்த்தல் வரிசைகளின் மதிப்பு மாறிவிட்டது. ஆனால் அவற்றில் முழு ஆட்டங்கள் இருந்தால் அந்தப் பக்கங்கள் மட்டும் படிக்கலாம்.

அப்புறம், நம் ஊர் வெயிலுக்குப் பழைய பைண்டிங் பசை காய்ந்து தாள் கழன்றுவிடும். மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் வைக்காதீர்கள். அலமாரியில் வேப்பிலை காயவைத்துப் போட்டு, மாதம் ஒருமுறை புத்தகத்தைப் பிரித்து விசிறி எடுங்கள், பூச்சி அண்டாது.

குடியாத்தம் குதிரை

ரொம்ப நன்றி ஐயா, நன்றி அக்கா. அந்த 1924 ஆட்டத்தை நேற்று ராத்திரி ஆடினேன். ராஜா ஜி3 எனக்குத் தோன்றவே இல்லை, எஃப்6 மட்டும் பிடித்தேன். சூரிச் புத்தகம் எப்போது திறக்கலாம் ஐயா? அதைப் பார்க்கத்தான் ஆசையாக இருக்கிறது.

சத்துவாச்சாரி வாத்தியார்

எஃப்6 பிடித்தாயா, பலே! சூரிச்சில் 15 பேர், ஒவ்வொருவரும் மற்றவரோடு இரண்டு முறை, மொத்தம் 210 ஆட்டங்கள். முதலிலிருந்து கடைசி வரை போனால் மூச்சு முட்டும். கபாபிளாங்காவின் எண்ட்கேம் பக்கங்கள் முடிந்ததும், அந்தப் போட்டியில் ஜெயித்த ஸ்மிஸ்லோவின் ஆட்டங்களை மட்டும் பொறுக்கி எடு. அவரும் எண்ட்கேம் மன்னர். புரொன்ஸ்டைன் நகர்த்தல் வரிசைகளை அடுக்குவதைவிட, நடு ஆட்டத்தில் என்ன யோசனை ஓடியது என்று நிறையப் பேசுவார். அந்தப் பேச்சை அவசரப்படாமல் படி. ஃபிஷர் அதற்கு அடுத்து.

ஞாயிற்றுக்கிழமை வேலூர் பக்கம் வந்தால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வா, உன் ‘ஏன்’களை உட்கார்ந்து பார்ப்போம்.