கிராமத்தில் வயதானவர்கள் மட்டும் மிஞ்சுவதற்கு உண்மையான காரணம் என்ன?

செம்மண்காடு:
சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். தெருவில் பாதி வீடுகளில் அறுபது தாண்டியவர்கள்தான், மீதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. துவக்கப் பள்ளியில் பிள்ளைகள் வருடா வருடம் குறைகிறார்கள். நூறு நாள் வேலைக்கு வருவதும் பெரும்பாலும் பாட்டிகள்தான். டீக்கடையில் கேட்டால் ஒருவர் "மாத்திரை போட்டே ஆயுசு கூடிப்போச்சு" என்கிறார், இன்னொருவர் "பசங்க கல்யாணமே வேணாங்கிறானுங்க" என்கிறார். இவ்வளவுதானா விஷயம்? இன்னும் இருபது வருடத்தில் நிலைமை எப்படி இருக்கும்? அரசியல் சண்டை வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஆயுசு கூடியதும் ஒரு காரணம்தான், ஆனால் அதைவிடப் பெரிய காரணம் பிறப்பு குறைந்தது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை பிறந்தால்தான் அடுத்த தலைமுறை இதே அளவில் இருக்கும். தமிழ்நாடு அதற்குக் கீழே இறங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 1.8, பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து பதிவு செய்யும் அரசின் மாதிரிப் பதிவு முறையில் 2020இல் 1.4. 1960களில் பிறந்தவர்கள்தான் இப்போது அறுபதைத் தொடுகிறார்கள். வீட்டுக்கு நாலைந்து பிள்ளைகள் இருந்த காலத்துத் தலைமுறை அது, ஆளும் அதிகம், ஆனால் அவர்கள் பெற்றது இரண்டிரண்டு. 2011 கணக்கெடுப்பிலேயே நம் மாநிலத்தில் 60 தாண்டியவர்கள் 10.4 சதவீதம், நாடு முழுக்க எடுத்தால் 8.6 தான். 2031இல் இங்கே 18 சதவீதம் ஆகும் என்பது ஒன்றிய அரசின் கணிப்பு. உங்கள் ஊரில் அதைவிடக் கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம், பெற்ற இரண்டும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டன.

மதுரைமல்லி:
கணக்கு சரி. ஆனால் இந்தப் பேச்சு வந்தாலே "சிவப்பு முக்கோணக் குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரம் பார்த்து மக்கள் குறைத்துக்கொண்டார்கள்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள், அதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் குடும்பங்கள் சின்னதாகின. 1970களின் தொடக்கத்தில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் நூறுக்கு மேல் ஒரு வயதுக்குள் இறந்துவிடும், 2020இல் அது 13. அப்புறம் பெண்கள் பள்ளிக்குப் போனார்கள், மில்லுக்கும் கம்பெனிக்கும் வேலைக்குப் போனார்கள், கல்யாண வயது தள்ளிப்போனது. இப்போது போய்ப் "பதினாறும் பெறுங்கள்" என்று மேடையில் சொன்னால், எல்கேஜி ஃபீஸை யார் கட்டுவது?

ஊர்செவிலி:
நான் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். தனியாக இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதுவும் கணவரை இழந்தவர்கள். கட்டியவர் ஏழெட்டு வயது மூத்தவர், முதலில் போய்விடுவார், பெண்களுக்கு ஆயுளும் கொஞ்சம் கூடுதல். இவர்கள் பேரில் நிலமும் கிடையாது, வங்கியில் பணமும் கிடையாது. முதியோர் பென்ஷன் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாயாக ஏறியதே 2023இல்தான். அதில் ஒன்றிய அரசின் பங்கு எண்பது வயது வரை 200 ரூபாய், அதற்கு மேல் 500.

பணம்கூட இரண்டாவதுதான். மகன் துபாயிலிருந்து மாதம் தவறாமல் அனுப்புகிறார், ஆனால் ராத்திரி மூச்சு வாங்கினால் ஆட்டோவில் ஏற்றிப்போக ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள் பக்கத்து வீட்டுப் பாட்டி, அவருக்கே 70. கூட இருக்கிற வீடுகளிலோ மொத்தப் பாரமும் மருமகள் தலையில்தான். மாமியாருக்கு நடமாட்டம் நின்றதும் முதலில் வேலையை விடுவது அவர்தான், மகன் இல்லை. அந்தப் பெண்ணுக்கு அறுபது ஆகும்போது கையில் சொந்தச் சேமிப்பு என்று என்ன இருக்கும்? வயதானவர் கூடுகிறார்கள் என்று பேசுகிறவர்கள் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

கீழவாசல்:
அரசியல் வேண்டாம் என்றீர்கள், ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். நாடாளுமன்றத் தொகுதிகள் மாநிலங்களுக்கு இன்னும் 1971 மக்கள்தொகைப்படிதான் பிரிந்திருக்கின்றன, புதிய மக்கள்தொகைப்படி அதை மாற்றுவதை 1976இல் நிறுத்தி வைத்தார்கள். பிறப்பைக் குறைத்த மாநிலம் அதற்காகவே பலம் இழக்குமோ என்ற பயம் சும்மா வந்ததில்லை. அப்புறம், திருப்பூர் பனியன் கம்பெனிகளைப் போய்ப் பாருங்கள், பீகார், ஒடிசா பிள்ளைகள் இல்லாவிட்டால் பாதி மெஷின் ஓடாது.

செம்மண்காடு:
எல்லோருக்கும் நன்றி. ஊர்செவிலி அக்கா சொன்னதைப் படித்ததும் என் அத்தை ஞாபகம்தான் வந்தது. அவரிடம் இருப்பது ஒரு வீடு மட்டும், அதையும் மகனுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி நச்சரிக்கிறார்கள். எழுதலாமா?

கணக்குப்பிள்ளை:
இப்போதைக்கு வேண்டாம், உயில் போதும், அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தானசெட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே வீட்டைக் கொடுத்துவிடும் பத்திரம், எழுதியே ஆக வேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி, பார்க்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். எழுதுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள், பத்திர எழுத்தரை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள்.